நடுக்கடலில் ஒருவருக்கு உடம்பு முடியாமல் போனால்: வயர்லெஸில் உதவி கேட்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழகக் கரையிலிருந்து விசைப்படகு, பைபர் படகு, குமரி மாவட்டத் தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் படகு என்று எதில் தொழிலுக்குப் போனாலும் கூடவே டாக்டர் வரப்போவதில்லை. இருப்பது ஒரு விஎச்எஃப் வயர்லெஸ் செட். சில படகுகளில் கூடுதலாக இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி இருக்கும். படகில் தண்ணீர் ஏறினால் உதவிக்குக் கூப்பிட வேண்டும் என்று எல்லோருக்கும் தெரியும். கூட இருக்கிற ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தால் கூப்பிடலாமா என்பதில்தான் தயக்கம் வருகிறது. "கொஞ்ச நேரம் பார்ப்போம், சரியாகிவிடும்" என்று வீணாகிற அந்த இரண்டு மூன்று மணி நேரம்தான் ஆளைக் கொல்கிறது என்பது என் உறுதியான எண்ணம். மீனவர்களும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

மேடே என்பது படகு மூழ்கும்போது சொல்வதுதானே? ஆளுக்கு உடம்பு முடியவில்லை என்றால் சொல்லலாமா?

தாராளமாகச் சொல்லலாம். மேடே படகுக்கு மட்டும் உரிய அழைப்பு இல்லை. படகில் உள்ள ஒரே ஒரு மனிதரின் உயிருக்கு இப்போதே ஆபத்து, உடனே உதவி வேண்டும் என்றாலும் சர்வதேச விதிப்படி அது மேடேதான். படகு நன்றாக இருக்கிறது, எஞ்சின் ஓடுகிறது, கடல் அமைதியாக இருக்கிறது என்பதெல்லாம் அந்த அழைப்பைத் தடுக்கிற காரணங்கள் ஆகாது.

உயிருக்கு அந்த நிமிடமே ஆபத்து இல்லை, ஆனால் டாக்டரிடம் பேசியாக வேண்டும், சீக்கிரம் கரை சேர்க்க வேண்டும் என்றால் அதற்கு இன்னொரு அழைப்பு இருக்கிறது. "பான் பான், பான் பான், பான் பான்" என்று தொடங்க வேண்டும். மேடேவுக்கு அடுத்த படியில் இருக்கும் அவசர அழைப்பு அது. நம் படகுகளில் மேடே தெரிந்த அளவுக்குப் பான் பான் தெரிவதில்லை. உண்மையில் கடலில் வரும் உடல்நலச் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் பொருத்தம்.

எது மேடே, எது பான் பான் என்று அந்தப் பதற்றத்தில் எப்படி முடிவெடுப்பது?

நான்கு விஷயங்களைப் பாருங்கள்: மூச்சு, நினைவு, ரத்தம், நெஞ்சு. மூச்சு நின்றுவிட்டது அல்லது திணறுகிறது. கூப்பிட்டால் பதில் இல்லை. அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லை. நெஞ்சில் பாறாங்கல்லை வைத்த மாதிரி வலி, கூடவே வேர்த்துக் கொட்டுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் மேடே. கடல் பாம்பு கடித்தாலும், கடலில் விழுந்து தண்ணீர் குடித்தவரைத் தூக்கிப் போட்டிருந்தாலும், ஒரு பக்கக் கை கால் விழுந்து வாய் கோணினாலும் அப்படியே.

வலை இழுக்கும் வின்ச்சில் மாட்டி விரல் நசுங்கியது, எலும்பு முறிவு, திருக்கை முள் குத்தியது, நிற்காத வாந்தி பேதி, கடும் காய்ச்சல், அடிவயிற்றில் விடாத வலி போன்றவை பான் பான். ஆனால் இந்தக் கோடு அசையாத கோடு இல்லை. பான் பானில் தொடங்கிய ஆள் அரை மணியில் மயங்கிவிட்டால் மேடே என்று மறுபடி கூப்பிடுங்கள். மேடே சொன்ன பிறகு ஆள் தேறினாலும் குற்றமில்லை, தகவலைச் சொல்லிவிட்டால் போதும். இரண்டில் எது என்று சந்தேகம் வந்தால் மேடே என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்தச் சேனல்? என்னென்ன சொல்ல வேண்டும்?

சேனல் 16. அதிர்வெண் 156.8 மெகாஹெர்ட்ஸ். உலகம் முழுக்க அபாய அழைப்புக்கு இதே சேனல்தான். செட்டில் பவர் 1 வாட்டில் இருந்தால் 25 வாட்டுக்கு மாற்றுங்கள். மைக்கில் உள்ள பட்டனை அமுக்கி, ஒரு நொடி விட்டுப் பேசத் தொடங்குங்கள். அமுக்கியதுமே பேசினால் முதல் சொல் வெட்டுப்பட்டுப் போகும். பேசி முடித்ததும் பட்டனை விட்டுவிட வேண்டும். பதற்றத்தில் விடாமல் அமுக்கிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் கரையிலிருந்து வரும் பதில் உங்களுக்குக் கேட்காது, சேனலிலும் வேறு யாரும் பேச முடியாது.

நாகப்பட்டினத்துக்குக் கிழக்கே தொழில் செய்யும் ஒரு படகை உதாரணத்துக்கு வைத்துக்கொள்வோம். பெயர் சிவசக்தி. அதன் டிரைவர் இப்படிப் பேசலாம்:

"மேடே, மேடே, மேடே. இது விசைப்படகு சிவசக்தி, சிவசக்தி, சிவசக்தி.

மேடே, சிவசக்தி. எங்கள் இடம், ஒன்று பூஜ்யம் டிகிரி, நான்கு ஆறு நிமிடம் வடக்கு. எட்டு பூஜ்யம் டிகிரி, ஒன்று ஒன்று நிமிடம் கிழக்கு. நாகப்பட்டினத்துக்கு நேர் கிழக்கே சுமார் 20 கடல் மைல்.

ஒருத்தருக்குக் கடுமையான நெஞ்சுவலி. வயது 52. நினைவு இருக்கிறது, மூச்சு வாங்குகிறது. டாக்டர் ஆலோசனை வேண்டும், ஆளை உடனே கரை சேர்க்க வேண்டும். படகில் மொத்தம் 9 பேர். நாகப்பட்டினம் நோக்கி 8 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறோம். ஓவர்."

இதில் இடம் ஏன் நோய்க்கு முன்னால் வருகிறது என்று பலர் கேட்பார்கள். செட் பாதியில் செத்துப்போகலாம், பேட்டரி இறங்கிவிடலாம், அலைவரிசை கரகரக்கலாம். யார், எங்கே என்ற இரண்டும் போய்ச் சேர்ந்துவிட்டால் மற்றது தெரியாவிட்டாலும் தேடி வருவார்கள். நோயை மட்டும் விவரமாகச் சொல்லி இடத்தைச் சொல்லாமல் விட்டால் யாராலும் எதுவும் செய்ய முடியாது.

எண்களை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சொல்லுங்கள். இரைச்சலில் பதினாறும் பதினாலும் ஒன்றுபோலக் கேட்கும். ஒன்று ஆறு என்றால் குழப்பம் வராது. ஜிபிஎஸ் கருவியைப் பார்த்து வாசிக்க நேரமில்லை என்றால் எந்த ஊருக்கு நேரே, எத்தனை மைல், எத்தனை பாகம் ஆழம் என்று நாம் வழக்கமாகச் சொல்கிற மாதிரியே சொல்லுங்கள். அப்புறம் நிதானமாக ஜிபிஎஸ் எண்ணைக் கொடுக்கலாம்.

பதில் வராவிட்டால் ஒரு நிமிடம் காத்திருந்து மறுபடி கூப்பிடுங்கள். பதில் வரவில்லை என்பதற்காக யாருக்கும் கேட்கவில்லை என்று நினைக்க வேண்டாம்.

எனக்கு இங்கிலீஷ் வராது. தமிழில் பேசினால் போதுமா?

போதும். மேடே, பான் பான் என்ற சொற்களை மட்டும் அப்படியே மூன்று முறை சொல்லுங்கள். அதைக் கேட்டதும் எந்த நாட்டுக்காரரும் காது கொடுப்பார். மீதியைத் தமிழில் சொல்லலாம். சென்னை, புதுச்சேரி, காரைக்கால், மண்டபம், தூத்துக்குடி ஆகிய இடங்களில் கடலோரக் காவல்படை நிலையங்கள் இருக்கின்றன. தமிழ் தெரிந்தவர் அங்கே அந்த நேரத்தில் செட் அருகில் இல்லாவிட்டாலும், பக்கத்திலுள்ள வேறு படகு எடுத்துச் சொல்ல முடியும்.

கன்னியாகுமரிக்குத் தெற்கேயும் லட்சத்தீவுப் பக்கமும் தொழில் செய்பவர்கள் நிலை வேறு. அங்கே உங்கள் குரலைக் கேட்கக்கூடியது பெரும்பாலும் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்தான். அவர்களுக்காக நான்கு வாக்கியங்களை எழுதி செட்டுக்குப் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்: "மேடே, மேடே, மேடே. பிஷிங் போட். ஒன் மேன் வெரி சிக். நீட் டாக்டர்." அதற்குப் பின்னால் ஜிபிஎஸ் எண்கள். இலக்கணம் சரியா என்று யாரும் பார்க்கப் போவதில்லை. அபாயத்தில் இருப்பவருக்கு உதவுவது கப்பல் கேப்டனின் சட்டக் கடமை. கப்பலில் மருந்துப் பெட்டியும், முதலுதவிப் பயிற்சி பெற்ற அதிகாரியும், கரையோடு பேசச் சாட்டிலைட் வசதியும் இருக்கும்.

விஎச்எஃப் எவ்வளவு தூரம் எட்டும்?

விஎச்எஃப் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது, பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். அதனால் வாட் எத்தனை என்பதைவிட ஆன்டெனா எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பதுதான் முக்கியம். ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து அதன் வர்க்கமூலத்தை 2.2 ஆல் பெருக்கினால் கடல் மைலில் தோராயமான எல்லை கிடைக்கும். 4 மீட்டர் உயர ஆன்டெனாவுக்கு நாலரை மைல் போல வரும், 100 மீட்டர் கோபுரத்துக்கு 22 மைல். இரண்டையும் கூட்டினால் படகுக்கும் கரைக் கோபுரத்துக்கும் இடையே 26 மைல் வரை பேசலாம். இரண்டு சிறிய படகுகளுக்கு இடையே என்றால் 9 மைல்தான். கையில் பிடிக்கும் 5 வாட் செட்டில் படகில் நின்றுகொண்டு பேசினால் அதைவிடக் குறையும்.

ஆன்டெனாவைக் கேபின் கூரையில் கட்டாமல் கம்பத்தின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். அதிகச் செலவில்லாமல் கிடைக்கும் மிகப் பெரிய பலன் இதுதான். உப்பு ஏறிப் பச்சை பூத்த கனெக்டர் 25 வாட் செட்டையும் ஊமையாக்கிவிடும், அதையும் மாதம் ஒரு முறை கழற்றிப் பாருங்கள்.

நாங்கள் 200 மைலுக்கு அப்பால் இருக்கிறோம். கரைக்கு எட்டாதே, என்ன செய்வது?

முதலில் சேனல் 16இலேயே கூப்பிடுங்கள், சுற்றியுள்ள படகோ கப்பலோ கேட்டு உங்கள் சார்பில் கரைக்குச் சொல்லும். ஒரு படகிலிருந்து இன்னொரு படகு, அதிலிருந்து அடுத்தது என்று செய்தி கை மாறிக் கரை வந்து சேர்வது தூத்தூர்ப் படகுகளுக்குப் புதிதில்லை.

அடுத்தது இஸ்ரோவின் அபாய அறிவிப்புக் கருவி. டாட் என்றே பலரும் சொல்வார்கள். 2010 முதல் புழக்கத்தில் இருக்கிறது, 20,000க்கும் மேற்பட்டவை படகுகளில் உள்ளன. தீ, படகு மூழ்குதல், ஆள் கடலில் விழுதல், மருத்துவ உதவி என்று அவசரத்தின் வகையைத் தேர்ந்தெடுத்து அனுப்பலாம், கூடவே படகின் இடமும் சாட்டிலைட் வழியாகப் போகும். மருத்துவ உதவிக்கென்றே தனித் தேர்வு இருப்பதை நன்றாகக் கவனியுங்கள். உடம்புக்கு முடியாத ஆளுக்காக இந்தக் கருவியை அமுக்கலாமா என்ற கேள்விக்கு அதுவே பதில். பழைய கருவியில் செய்தி போய்ச் சேர்ந்ததா என்று படகுக்காரருக்குத் தெரியாது. இரண்டு பக்கமும் கைபிசைந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள். 2024இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவியில் பதில் திரும்பி வருகிறது, புளூடூத்தில் செல்போனோடு இணைத்தால் செய்தியைத் தாய்மொழியில் படிக்கலாம்.

மத்திய அரசின் மீன்வளத் திட்டத்தில் 1 லட்சம் படகுகளுக்கு இலவசமாக டிரான்ஸ்பாண்டர் (படகு இருக்கும் இடத்தைச் சாட்டிலைட் வழியாகக் காட்டும் கருவி) பொருத்தும் பணி 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதிலும் இருவழியாகக் குறுஞ்செய்தி அனுப்பலாம். உங்கள் படகில் பொருத்தியிருந்தால் அதை எல்லையைக் கண்காணிக்கும் கருவி என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆபத்தில் செய்தி அனுப்ப அதில் எந்தப் பட்டன் என்று படகில் ஏறும் எல்லோருக்கும் தெரிய வேண்டும்.

சாட்டிலைட் போனும் உதவும். ஆனால் துரையா, இரிடியம் போன்களை இந்தியாவில் வைத்திருக்க அனுமதி இல்லை. பிஎஸ்என்எல் வழியாக வரும் இன்மர்சாட் போன்தான் அனுமதிக்கப்பட்டது. 2017இல் ஒக்கி புயலின்போது ஆழ்கடலில் இருந்த பல குமரிப் படகுகளுக்குக் கரையிலிருந்து எச்சரிக்கையே போய்ச் சேரவில்லை. தொலைத்தொடர்பு இல்லாமல் அத்தனை தூரம் போவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தக் கடற்கரைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

செட்டில் மூடி போட்ட சிவப்புப் பட்டன் இருக்கிறது. அதை அமுக்கலாமா?

அமுக்கலாம், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். மூடியைத் தூக்கிவிட்டு ஐந்து நொடி அழுத்திப் பிடித்தால் சேனல் 70 வழியாக உங்கள் படகின் ரேடியோ அடையாளமான ஒன்பது இலக்க எம்எம்எஸ்ஐ எண்ணும், ஜிபிஎஸ் இணைத்திருந்தால் இடமும் டிஜிட்டல் செய்தியாகப் போகும். யாராவது ஏற்றுக்கொள்ளும் வரை சுமார் நான்கு நிமிடத்துக்கு ஒரு முறை செட் தானாகத் திரும்ப அனுப்பும். ஆனால் இந்தச் செய்தியில் நோயாளியைப் பற்றி எதுவும் இருக்காது. அதனால் அமுக்கிய கையோடு சேனல் 16இல் வாயாலும் சொல்ல வேண்டும். பான் பான் நிலைமைக்கு இந்தப் பட்டன் வேண்டாம்.

எம்எம்எஸ்ஐ எண்ணைச் செட்டில் பதிவு செய்யாவிட்டால் சிவப்புப் பட்டன் வேலை செய்யாது. இந்தியப் படகின் எண் 419 என்று தொடங்கும். செட்டை விற்றவரிடம் இதைக் கேட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

கரையிலிருந்து டாக்டர் பேசினால் என்ன கேட்பார்?

வயது, ஆணா பெண்ணா, என்ன நடந்தது, எத்தனை மணிக்கு நடந்தது, நினைவு இருக்கிறதா, நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, எத்தனை நாடித்துடிப்பு, உடம்பு சுடுகிறதா சில்லிட்டிருக்கிறதா, ரத்தம் எவ்வளவு போயிருக்கிறது, சர்க்கரை, பிரஷர், இதய நோய் ஏதாவது உண்டா, என்ன மாத்திரை சாப்பிடுகிறார், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, இதுவரை நீங்கள் என்ன கொடுத்தீர்கள். கேட்கும் முன்பே ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டால் பேச்சு பாதியாகக் குறையும்.

இந்தப் பதில்களை வைத்துத்தான் அவர்கள் யாரை அனுப்புவது, எங்கே கொண்டுபோவது என்று முடிவெடுக்கிறார்கள். கடல் பாம்புக் கடியையே பாருங்கள். வலையை இழுத்து மீனைக் கொட்டி, இரண்டு பேர் குனிந்து பிரித்துக்கொண்டிருப்பார்கள். ஒருவர் "முள் குத்திருச்சுண்ணே" என்று கையை உதறுவார். வலி பெரிதாக இருக்காது, வீக்கமும் வராது, வேலையைத் தொடர்வார். அரை மணியிலிருந்து சில மணி நேரத்துக்குள் உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல வலிக்கும், தாடை இறுகும், கண் இமை தானாகச் சொருகும், சிறுநீர் கறுத்துப் போகும். கடைசியில் மூச்சுவிடும் தசைகள் நின்றுபோகும். குவியலில் தட்டையான வாலோடு பாம்பு கிடந்தால், குத்தியது முள்தானா என்று சந்தேகப்படுங்கள்.

நம் நாட்டில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கானது. கடல் பாம்பு விஷத்துக்கு அது எடுபடாது. இந்த ஆளைக் காப்பாற்றப் போவது செயற்கைச் சுவாசக் கருவியும் தீவிர சிகிச்சைப் பிரிவும்தான். ரேடியோவில் "ஏதோ கடித்துவிட்டது" என்றால் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆம்புலன்ஸ் போகலாம். "கடல் பாம்பு, 5.40 மணிக்கு, வலது கை, இப்போது இமை சொருகுகிறது" என்றால் பெரிய ஆஸ்பத்திரிக்கு நேராகப் போகும். கடித்த இடத்தைக் கீறக் கூடாது, உறிஞ்சக் கூடாது, கயிறு போட்டு இறுக்கக் கூடாது. கையை அசையாமல் மட்டை வைத்துக் கட்டி, ஆளை நடக்கவிடாமல் படுக்க வையுங்கள். மூச்சு தடுமாறினால் வாயோடு வாய் வைத்து ஊதுங்கள். கரை சேரும் வரை விடாமல் ஊதினால் பிழைக்க வாய்ப்பு உண்டு.

நெஞ்சுவலிக்காரரை நடக்க விடாமல் சாய்த்து உட்கார வையுங்கள். ஆஸ்பிரின் மாத்திரை கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். திருக்கை முள் குத்தியிருந்தால் தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரை மணிக்கு மேல் அமிழ்த்தி வைத்தால் வலி குறையும்.

மீன் கிடங்குக்குள் இறங்கியவர் மயங்கி விழுந்துவிட்டார். முதலில் தூக்குவதா, கூப்பிடுவதா?

யாரும் உள்ளே இறங்காதீர்கள். இதைக் கத்திச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. அழுகிய மீனிலிருந்தும் தேங்கிய கழிவுத் தண்ணீரிலிருந்தும் வரும் விஷவாயு கிடங்கில் நிறைந்திருக்கும், ஆக்சிஜனும் குறைந்திருக்கும். முதலில் விழுந்தவரைத் தூக்க இறங்கிய தம்பியும், அவரைத் தூக்க இறங்கிய அண்ணனும் சேர்ந்தே போய்விடுவார்கள். முகத்தில் துணி கட்டுவது, மூச்சை அடக்குவது எதுவும் காப்பாற்றாது.

எல்லா மூடிகளையும் திறந்து காற்றோட்டம் செய்யுங்கள். அதே நேரத்தில் ஒருவர் சேனல் 16இல் மேடே சொல்லட்டும். மேலிருந்தே கயிறோ கொக்கியோ போட்டு இழுக்க முடிந்தால் இழுங்கள். வெளியே எடுத்ததும் மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் அமுங்கும்படி அழுத்துங்கள். ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள், செட்டில் பேசுபவர் மட்டும் இடத்தைவிட்டு நகர வேண்டாம்.

கூப்பிட்டுவிட்டு அங்கேயே நிற்பதா, கரைக்கு ஓட்டுவதா?

கூப்பிடுங்கள், ஓட்டிக்கொண்டே பேசுங்கள். 8 நாட், அதாவது மணிக்கு 8 கடல் மைல் வேகத்தில் 40 கடல் மைலைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆகும். எதிரே ரோந்துக் கப்பல் 20 நாட்டில் வந்தால் ஒன்றரை மணியில் இருவரும் சந்தித்துவிடலாம். எந்தத் திசையில், என்ன வேகத்தில் போகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அதை மாற்றாமல் இருங்கள். மாற்றினால் சொல்லுங்கள். நில் என்று அவர்கள் சொன்னால் நில்லுங்கள்.

வலை கடலில் கிடக்கிறதே என்று கேட்பீர்கள். மிதவை கட்டி, இடத்தை ஜிபிஎஸ்ஸில் குறித்துவிட்டு வெட்டிவிடுங்கள், கூட வந்த படகு எடுத்துக் கொடுக்கும். டீசலும் ஐஸும் கடன் வாங்கிப் போட்ட பயணத்தைப் பாதியில் முடிப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று எனக்குத் தெரியும். ஓனரிடம் என்ன சொல்வது என்ற பயம் டிரைவர்களை எவ்வளவு தயங்க வைக்கிறது என்பதும் தெரியும். இதனால்தான் உடம்புக்கு முடியாத ஆளுக்காகத் திரும்பினால் கேள்வி கேட்க மாட்டேன் என்று கடலுக்குப் போகும் முன்பே ஓனர் டிரைவரிடம் வாயால் சொல்லிவிட வேண்டும். அந்த ஒரு பேச்சு, நான் மேலே எழுதிய எல்லாவற்றையும்விட அதிக உயிர்களைக் காப்பாற்றும்.

ஹெலிகாப்டர் வருமா?

தூரம், வானிலை, வெளிச்சம், நோயாளியின் நிலை எல்லாம் பார்த்து முடிவு செய்வார்கள். 2023 ஆகஸ்டில் அரபிக் கடலில் மும்பையிலிருந்து சுமார் 200 கிலோமீட்டர் தூரத்தில், பனாமா கொடி ஏற்றிய ஆராய்ச்சிக் கப்பலில் இருந்த ஒரு சீன நாட்டவருக்கு நெஞ்சுவலி வந்தது. மும்பை மீட்பு மையம் கப்பலோடு பேசி மருத்துவ ஆலோசனை கொடுத்தது. பிறகு கடலோரக் காவல்படையின் ஹெலிகாப்டர் மோசமான வானிலையில் இரவில் போய் அவரைத் தூக்கி வந்தது. ஆக, அவர்களால் முடியும். ஆனால் கம்பமும் கயிறுமாக நெருக்கமான மீன்பிடிப் படகுக்கு மேலே நிற்பது கடினம். பெரும்பாலும் ரோந்துக் கப்பலோ வேகப் படகோதான் வரும்.

வந்தால், பறக்கக்கூடிய சாக்கு, தார்ப்பாய், காலிக் கேன் எல்லாவற்றையும் கட்டுங்கள். இறங்கி வரும் கம்பியைப் படகையோ கடலையோ தொட்ட பிறகே கையால் பிடியுங்கள், அதில் நிலைமின்சாரம் இருக்கும். அந்தக் கம்பியைப் படகில் ஒருபோதும் கட்டாதீர்கள்.

எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். கூப்பிட்டால் மாட்டிக்கொள்வோமா?

இந்தப் பயத்தால் ராமேஸ்வரம், நாகை, காரைக்கால் பக்கம் பலர் வாயைத் திறப்பதில்லை. அபாயத்தில் இருப்பவருக்கு உதவும்போது நாடு, நிலை எதையும் பார்க்கக் கூடாது என்று 1979ஆம் ஆண்டின் சர்வதேசத் தேடல் மீட்பு ஒப்பந்தம் சொல்கிறது. கொழும்பிலும் ஒரு மீட்பு ஒருங்கிணைப்பு மையம் இருக்கிறது, சென்னை மையம் அதோடு பேச முடியும். உண்மையான இடத்தைச் சொல்லுங்கள். பத்து மைல் மாற்றிச் சொன்னால் காப்பாற்ற வருகிறவர்கள் வெறும் கடலில் தேடுவார்கள்.

செட்டுக்கு லைசென்ஸ் இல்லை என்ற பயமும் அப்படித்தான். ஆபத்தில் இருப்பவர் தன் கையில் கிடைக்கும் எந்த ரேடியோவையும் பயன்படுத்தலாம் என்று சர்வதேச ரேடியோ விதியே சொல்கிறது. கரை சேர்ந்ததும் லைசென்ஸ் எடுங்கள்.

தெரியாமல் அமுக்கிவிட்டோம், அல்லது ஆள் தேறிவிட்டார். இப்போது?

செட்டை அணைத்துவிட்டு ஒளிந்துகொள்ள வேண்டாம். அதுதான் உண்மையான சிக்கல், ஏனென்றால் கப்பலும் விமானமும் தேடிக்கொண்டே இருக்கும். சேனல் 16இல் படகின் பெயரைச் சொல்லி, அழைப்பு ரத்து, யாருக்கும் ஆபத்து இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று. தண்ணீர் குடித்து மீண்டவரும், நெஞ்சுவலி விட்டவரும் தேறியது போலத் தெரிவார்கள், சில மணி நேரத்தில் மறுபடி மோசமாகலாம். ரத்து செய்யும் முன் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

வேறு படகின் மேடே காதில் விழுந்தால்?

பேச்சை நிறுத்துங்கள், படகின் பெயரையும் இடத்தையும் எழுதிக்கொள்ளுங்கள். கரையிலிருந்து யாரும் பதில் சொல்லவில்லை என்றால் "மேடே ரிலே" என்று மூன்று முறை சொல்லி, உங்கள் படகின் பெயரைச் சொல்லி, கேட்டதை அப்படியே திருப்பிச் சொல்லுங்கள். பக்கத்தில் இருந்தால் போங்கள்.

நம் படகுகள் தங்கள் கூட்டத்துச் சேனலிலேயே பேசிக்கொண்டிருப்பதால் 16ஐக் கேட்க ஆள் இல்லாமல் போகிறது. பெரும்பாலான செட்டுகளில் இரண்டு சேனலையும் மாறி மாறிக் கேட்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டு வைத்தால் மீன் விலையும் பேசலாம், ஆபத்தும் காதில் விழும்.

இதற்கெல்லாம் காசு கேட்பார்களா?

இல்லை. உயிர் காக்கக் கூப்பிட்டதற்குக் கடலோரக் காவல்படை பணம் வாங்குவதில்லை.

வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்யலாம்?

கரைக்குப் பக்கத்தில் படகின் செல்போனுக்குச் சிக்னல் கிடைத்து உங்களிடம் சொன்னால், உடனே 1554க்கு அடியுங்கள். அது கடலோரக் காவல்படையின் இலவச எண். தமிழகக் கடலோரப் பாதுகாப்புக் குழும போலீசின் எண் 1093. துறைமுகத்தில் ஆம்புலன்ஸ் தயாராக நிற்க 108. படகின் பெயர், ஐஎன்டி-டிஎன் என்று தொடங்கும் பதிவு எண், நிறம், எத்தனை பேர், எப்போது எங்கிருந்து புறப்பட்டது, கடைசியாக எங்கே இருந்ததாகச் சொன்னார்கள் என்பதைக் கேட்பார்கள். படகு புறப்படும் அன்றே இவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டி வையுங்கள். கூடவே கடலுக்குப் போகிறவரின் ரத்த வகை, சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்கள் இருந்தால் இன்னும் நல்லது. சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுப்பவர் பத்து நாள் தங்கலுக்குப் போகிறார் என்றால் பதினைந்து நாள் மாத்திரையைத் தண்ணீர் புகாத டப்பாவில் போட்டுக் கொடுத்து அனுப்புங்கள்.